இருமினாலே எலும்பு முறிந்தது!

ஜப்பானில் தோயாமா மாகாணத்தில் ஜின்சூ என்று ஓர் ஆறு ஓடுகிறது. கரையோர மக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அதைப் பாய்ச்சித்தான் நெல் விளைத்தார்கள்.

அங்கே ஒரு கொடிய நோய் பரவியது. பிள்ளை பெற்று, நடுவயதைத் தாண்டிய பெண்களே பெரும்பாலும் அதற்கு இரையானார்கள். முதலில் இடுப்பு வலிக்கும். நடை தள்ளாடும். பிறகு, இருமினாலே எலும்பு முறியும்! "இத்தாய், இத்தாய்" என்று அலறுவார்கள். "வலிக்கிறதே" என்று அதற்குப் பொருள். நோய்க்கும் அதுவே பெயராயிற்று.

காரணம் என்ன?

ஆற்றின் மேற்பகுதியில் காமியோக்கா என்ற சுரங்கம் இருந்தது. அங்கே துத்தநாகம் எடுத்தார்கள். அதன் கழிவோடு காட்மியம் என்ற உலோகமும் ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து சோற்றுக்கும் வந்து சேர்ந்தது.

காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்புக்கு வேண்டிய சத்து சிறுநீரோடு வெளியேறிவிடும். எலும்பு உறுதி இழந்துவிடும்.

காட்மியமே காரணம் என்று உள்ளூர் டாக்டர் நொபோரு ஹகினோ எடுத்துச் சொன்னார். 1968-ல் அரசாங்கமும் அதை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நோயாளிகள் சுரங்கக் கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1971-ல் வென்றார்கள். கம்பெனி அப்பீல் செய்தது. 1972-ல் மேல்கோர்ட்டிலும் அவர்களுக்கே வெற்றி!

ஆனால், நஞ்சேறிய வயல்களைச் சீர்படுத்தும் வேலை 2012-ல்தான் முடிந்தது.