இறால் கட்சியும் உல்லம் கட்சியும்

கல்கத்தாவில் ஒரு வீட்டில் இன்று என்ன சமையல் என்பதை யார் தீர்மானிப்பது? "வீட்டு அம்மாள்தான்" என்பீர்கள். பெரிய மாட்ச் நடக்கும் நாளில் மட்டும் அந்த அதிகாரம் பதினோரு ஆட்டக்காரர்களின் காலுக்குப் போய்விடுகிறது! மோகன் பகான் ஜெயித்தால் அந்தக் கட்சி வீடுகளில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் உல்லம் மீன். வங்காளிகளின் செல்ல 'இலிஷ்'.

இது வெறும் விளையாட்டுப் பைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். 1889-ல் தோன்றிய மோகன் பகான், 1911-ல் ஆங்கிலேயப் பட்டாளத்துக் குழுவைத் தோற்கடித்துக் கேடயம் வென்று, தேசமே தலை நிமிரச் செய்தது. ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-ல். 1947-ல் நாடு பிரிந்தபோது வீடு வாசலை விட்டு வந்த கிழக்கு வங்காளத்தாருக்கு, அதன் சிவப்பும் பொன்னிறமும்தான் மிஞ்சிய சொந்த ஊர்.

இரு தரப்பிலும் ரசிகர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். மாட்சுக்கு முன்பே கூடி, காலரியையே மூடும் அளவுக்குத் துணியில் சித்திரம் தீட்டுகிறார்கள். ஆட்டம் முடியும்வரை கொட்டும் கோஷமும் ஓய்வதில்லை. எதிர்க்கட்சியைக் கேலி செய்வதும் அவர்கள் கைங்கரியமே!

கேலி கைகலப்பானால்? 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி ஈடன் கார்டனில் மாட்ச் பார்க்கப் போனவர்களில் 16 பேர் வீடு திரும்பவில்லை. காலரியில் மூண்ட சண்டையும் நெரிசலும் அவர்களை விழுங்கிவிட்டன. எத்தனை தாய்மார்கள் அன்று வாசலில் காத்திருந்தார்களோ! அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அதே தேதியில் கால்பந்து ரசிகர்கள் ரத்ததானம் செய்கிறார்கள்.

அந்த ரசிகர்கள் 2024-ல் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஆகஸ்ட் 9-ந் தேதி, கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியிலிருந்த இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது. 18-ந் தேதி நடக்கவிருந்த இரு குழுக்களின் ட்யூராண்டு கோப்பை மாட்ச், பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தாயிற்று.

மாட்ச் இல்லை; ஆனால் ரசிகர்கள் வந்தார்கள்! சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொகமதன் ஸ்போர்ட்டிங் மூன்று கட்சியாரும் தத்தம் சட்டையோடு தோளோடு தோள் நின்றார்கள். போலீஸ் தடியைத் தூக்கியது. சிலரைப் பிடித்துக்கொண்டும் போனது. அன்று எழுந்த கோஷம் ஒன்றே: "நியாயம் வேண்டும்!"

கோஷம் போடப் பழகிய தொண்டை. சொன்ன நேரத்தில் கூடப் பழகிய கூட்டம். முகம் அறியாத ஒரு பெண்ணுக்காக அந்தப் பழக்கம் ஒரு நாள் பயன்பட்டதல்லவா?

அக்டோபர் 19-ந் தேதி இரு குழுக்களும் மறுபடி மோதின. ரசிகர்களும் பழையபடி கட்சி பிரிந்தார்கள். மோகன் பகான் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. அன்றிரவு அந்தக் கட்சி வீடுகளில் என்ன சமையல் என்று நான் சொல்லவும் வேண்டுமா?