வீட்டுக் கூடத்தில் வெள்ளித்திரை



என் இளமைப் பருவம் காவிரிக் கரையைச் சார்ந்த ஒரு சிற்றூரில் கழிந்தது. 1960களில் எங்கள் ஊரின் எல்லையில் டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. மேலே கீற்றுக் கூரை, பக்கங்களில் பாதி உயரத்துக்குத் தட்டி, உள்ளே மணல். பொழுது சாயும் வேளையில் ஒலிபெருக்கியில் பாட்டு எழும். நாங்கள் ஓடிப்போய் முன்வரிசை மணலில் இடம்பிடிப்போம். ஆனால், படம் தொடங்காது. கதிரவன் மறைந்து, மேற்கு வானத்தின் செம்மையும் மங்கிய பிறகுதான் தொடங்கும். "காசை வாங்கிக்கொண்டு ஏன் இப்படிக் காக்க வைக்கிறார்கள்?" என்று நான் சினந்ததுண்டு. அதற்கு விடை, அறுபது வயதைக் கடந்தபின், கைப்பொருளைச் செலவிட்ட பிறகே எனக்குக் கிடைத்தது.

என் தாயாருக்குக் கண்புரை நீக்கச் சிகிச்சை நடந்திருந்தது. பார்வை திரும்பியபோதிலும், சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் முகங்களைப் பிரித்தறிவது அவருக்குக் கடினமாகவே இருந்தது. "கொட்டகையில் பார்த்தது போலப் பெரிதாக ஒரு படம் பார்க்க வேண்டும்" என்றார். சுவரில் படத்தைப் பெரிதாக வீழ்த்தும் புரொஜெக்டர்கள் இப்போது வீட்டு உபயோகத்துக்கே கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கினேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? பெட்டியின்மேல் எந்தக் கருவிக்கு மிகப் பெரிய எண்களை அச்சிட்டிருந்தார்களோ அதையே எடுத்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டார் அனைவரையும் கூடத்தில் அமர்த்தி, கருவியை முடுக்கினேன். மேற்குச் சாளரத்தின் வழியே வெயில் வந்துகொண்டிருந்தது. சுவரில் ஏதோ அசைந்தது. இன்னதென்று சொல்ல முடியவில்லை. கதாநாயகனின் கரிய மீசை சுவரின் வெண்மையில் கரைந்து போயிற்று. "சுவரில் யாரோ சாயம்போன துணியைக் காயப் போட்டது போல இருக்கிறதே" என்றார் என் தாயார்.

பிழை கருவியுடையது மட்டுமா? அன்று. அது என்னுடையதுமாகும். புரொஜெக்டர் ஒளியை மட்டுமே வீசவல்லது. கருமையை வீச வல்லதன்று. மீசை கரியதாகத் தெரிய வேண்டுமானால், மீசை விழும் இடத்தில் ஒளி விழாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் அறையின் வெளிச்சம் ஏற்கெனவே படிந்திருந்தால் கருவி என்ன செய்யும்? படத்தின் வெண்மையைக் கருவி தருகிறது. கருமையை அறைதான் தர வேண்டும். கொட்டகைக்காரர் இரவுக்காகக் காத்திருந்தது இதனால்தான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள அகன்ற திரையை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் ஏழேகால் அடி. உயரம் நாலடிக்குச் சற்று மேல். பரப்பு ஏறத்தாழ இரண்டேமுக்கால் சதுர மீட்டர். ஒளியின் மொத்த அளவை லூமன் என்றும், ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுவதை ஒரு லக்ஸ் என்றும் சொல்வார்கள். குழல் விளக்கு எரியும் கூடத்தில் சுவரின்மேல் 100 லக்ஸ் ஒளி விழுகிறது என்று கொள்வோம். அப்படியானால் நம் திரையில் படம் வருவதற்கு முன்பே 275 லூமன் வந்து குந்திவிட்டது. 1000 லூமன் கருவியைக் கொண்டு படம் காட்டினால் வெண்மையின் மதிப்பு 1275. கருமையின் மதிப்பு 275. வெண்மைக்கும் கருமைக்கும் ஐந்து மடங்கு வேறுபாடுகூட இல்லை!

சரி, 3000 லூமன் கருவி வாங்குகிறோம். வேறுபாடு ஏறத்தாழ 12 மடங்காகும். மாறாக, பழைய 1000 லூமன் கருவியையே வைத்துக்கொண்டு, குழல் விளக்கை அணைத்து, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பத்து லக்ஸாகக் குறைக்கிறோம். வேறுபாடு ஏறத்தாழ 37 மடங்காகிறது. பணம் கொடுத்து வாங்கும் ஒளியைவிட, சுவிட்சைத் தட்டிப் பெறும் இருட்டு அதிகப் பயன் தருகிறது. முழு இருட்டில், திரையரங்குகளுக்கென வகுத்துள்ள பிரகாசத்தை இந்த அளவுத் திரையில் பெறுவதற்கு 500 லூமனுக்கும் குறைவான ஒளியே போதும்.

இந்த உண்மையை அறிந்ததும் நான் மற்றொரு தவறு செய்தேன். கதவு, சாளரம் எல்லாவற்றையும் அடைத்தேன். தடித்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டேன். மாலை ஆறு மணிக்கே விளக்குகளை அணைத்தேன். கருவியைக் கூடத்தின் நடுவே டீப்பாயின்மேல் வைத்து, சுவரிலிருந்து அதற்கு ஒரு மின்கம்பியை இழுத்துவிட்டேன். படம் அழகாகத்தான் விழுந்தது. ஆனால், பேரன் பாடப்புத்தகத்துடன் சமையலறைக்குக் குடிபெயர்ந்தான். கூடத்தில் அமர்ந்து கீரை ஆய்வது என் மனைவியின் வழக்கம். அவளும் எழுந்து போனாள். மூன்றாம் நாள் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்த என் தாயார் அந்தக் கம்பியில் கால் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கையில் அடி பட்டதோடு போயிற்று. மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, "படம் பெரிதாகத்தான் இருக்கிறதப்பா, வீடுதான் சின்னதாகிப் போய்விட்டது" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. யாருக்காகக் கருவி வாங்கினேனோ அவரையே அது வீழ்த்திவிட்டது.

ஆகவே, முதன்முதலாகப் புரொஜெக்டர் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்குப் போகுமுன் உங்கள் கூடத்தைப் பாருங்கள், கூடத்தில் வாழ்கிறவர்களைக் கேளுங்கள்.

முதலில், எந்த நேரத்தில் எவ்வளவு இருட்டு கிடைக்கும் என்பதை வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் என்றால், நடுத்தரக் கருவியே போதும். பகலிலும் விளக்கொளியிலும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பெரிய தொலைக்காட்சியை வாங்குவதே நலம். அது தானே ஒளிர்வது. அறையின் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். கருவி வாங்க வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

இரண்டாவதாக, அளவு நாடாவை எடுத்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். வில்லைக்கும் திரைக்கும் இடையேயுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் கருவியின் குறிப்பேட்டில் காணலாம். அது 1.2 என்றால், ஏழேகால் அடி அகலப் படத்துக்கு எட்டேமுக்கால் அடி தூரம் வேண்டும், 1.5 என்றால் பதினோரு அடி வேண்டும். எங்கள் கூடத்தின் ஆழமே பதினோரு அடிதான். கருவியின் உடலுக்கும், பின்னால் அது மூச்சுவிடுவதற்கும் ஒன்றரை அடி போய்விடும். எனவே 1.5 எனக்கு ஆகாது. சுவரை ஒட்டி வைக்கத்தக்க குறுந்தூரக் கருவிகளும் உண்டு. அவற்றுக்குத் திரை துளியும் அலையாமல் சமதளமாக இருக்க வேண்டும்.

கருவியைச் சாய்த்து வைத்தால் படம் ஒரு பக்கம் விரிந்து கோணும். அதைக் கருவிக்குள்ளேயே நிமிர்த்தும் வசதி உண்டு என்பார்கள். அப்படி நிமிர்த்தும்போது படப்புள்ளிகளில் ஒரு பகுதி வீணாகிறது. வில்லையையே மேலும் கீழும் நகர்த்தும் அமைப்புடைய கருவியில் இந்த இழப்பு இல்லை.

மூன்றாவதுதான் கருவி. லூமன் எண்ணைப் படிக்கும்போது அதன் முன்னே ‘ஆன்ஸி’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ.’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் விழும் ஒளியை ஒரு முறைப்படி அளந்ததற்கு அது அடையாளம். அடைமொழி இல்லாத பெரிய எண்கள் பலவும் விளம்பரத்துக்காகப் பிறந்தவை. ‘4கே ஏற்கும்’ என்றால், அத்தகைய படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். அத்தனை புள்ளிகளைக் காட்டும் என்பதன்று. கருவியின் சொந்தப் புள்ளிகள் எத்தனை என்று கேளுங்கள். 1920க்கு 1080 இருந்தால் நம் கூடத்துக்குப் போதுமானது.

கருவிகளுள் இரு வகை பெரிதும் வழங்குகின்றன. ஒன்றில் நுண்ணிய கண்ணாடிகள் அசைந்து ஒளியைத் திருப்பும். 1987இல் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த முறை இது. மற்றொன்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் திரவப்படிகத் தகடுகள் உண்டு. முன்னதில், நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் கருவிகளில், சிலர் கண்ணுக்கு வானவில் போன்ற கீற்றுகள் மின்னித் தெரியும்; பலருக்குத் தெரியாது. ஆதலால், பார்க்கப் போகிறவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒளிதரும் உறுப்பையும் கேட்டறியுங்கள். பழைய வகைப் பாதரச விளக்குகள் சில ஆயிரம் மணி நேரமே உழைக்கும். விசிறி ஓயாமல் சுழன்று சூடு தணிந்தால்தான் அவற்றுக்கு நல்லது. மின்சாரம் திடீரென நின்று அது தடைப்படுவது கேடு. எல்.இ.டி., லேசர் வகைகளுக்கு 20,000 மணி நேரம்வரை ஆயுள் சொல்கிறார்கள்.

திரைக்காக முதல் நாளே செலவு செய்ய வேண்டியதில்லை. மேடுபள்ளமின்றிப் பூசி, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சுவரே தொடக்கத்துக்குப் போதும். ஒலி மட்டும் படம் விழும் பக்கத்திலிருந்து வரட்டும். முதுகுப்புறமிருந்து கதாநாயகன் பேசினால் நன்றாயிராது.

திருச்சிராப்பள்ளியில் ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். அவர் கருவியோடு, அதற்கேற்ற இடத்தையும் உடன் கொண்டுபோனார். நாமோ வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வீட்டுக்கு ஏற்றபடிதான் கருவி அமைய வேண்டும்.

என் முதல் கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இருப்பது அதைவிடச் சிறிய எண்களை உடையது. பின்சுவரின் அருகே, கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது; மின்கம்பி சுவரோடு சுவராக இறங்குகிறது. தரையில் ஒரு கம்பியும் இல்லை. அமர்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னே, திரைமேல் ஒளிபடாதபடி மறைத்த ஒரு சிறு விளக்கு எரிகிறது. அதனால் கருமை சற்று வெளுக்கத்தான் செய்கிறது. வெளுக்கட்டும். சனி, ஞாயிறு இரவுகளில் எட்டு மணி முதல் பத்து மணி வரை கூடம் படத்துக்கு. மற்ற நேரமெல்லாம் பேரனுக்கும் கீரைக்கும்.

சென்ற சனிக்கிழமை, படத்தின் நடுவே என் தாயார் எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் சமையலறைக்குச் சென்று, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார். "அந்தப் பெண் இப்போது அழுகிறாளே, ஏன்?" என்று கேட்டார். முகம் அவருக்குத் தெரிந்துவிட்டது.