'செட்' யாருக்கு?

டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு 'செட்'டை யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஊட்டியில் சொல்வது இன்னும் கஷ்டம்!

ஊட்டி 7 ஆயிரம் அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 6 ஆயிரம் அடி. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே, பந்து வேகமாகப் பறக்கும். சமவெளியில் கோட்டுக்குள் விழும் பந்து, மலையில் கோட்டைத் தாண்டி விடும். 4 ஆயிரம் அடிக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்து உண்டு.

கணக்கும் ஏமாற்றும்

பந்து மட்டும் அல்ல. புள்ளிக் கணக்கும் ஏமாற்றும்.

ஒருவர் 6 'கேம்' ஜெயிக்கிறார். ஒவ்வொன்றிலும் அவருக்கு 4 புள்ளி, எதிரிக்கு 2. மற்ற 4 'கேம்'களில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை; எதிரிக்கு நாலு நாலு புள்ளி. கூட்டிப் பாருங்கள். அவருக்கு 24, எதிரிக்கு 28. ஆனாலும் 6-4 என்று 'செட்' அவருக்குத்தான்!

கிருஷ்ணனின் வெற்றி

1966-ம் ஆண்டு, கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியாவும் பிரேசிலும் தலா 2 வெற்றி பெற்றிருந்தன. கடைசி ஆட்டத்தில் தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணனும் பிரேசில் வீரர் தாமஸ் கோச்சும் மோதினார்கள்.

கோச் 2 'செட்', கிருஷ்ணன் ஒரு 'செட்' ஜெயித்திருந்தார்கள். நாலாவது 'செட்'டில் கிருஷ்ணன் 2-5 என்று பின்தங்கினார். இன்னும் ஒரு 'கேம்' போனால் இந்தியா வெளியே!

கிருஷ்ணன் கலங்கவில்லை. அடுத்த 5 'கேம்'களையும் வரிசையாக ஜெயித்தார். 7-5 என்று 'செட்' அவருக்கு. ஐந்தாவது 'செட்'டும் 6-2 என்று அவருக்கே. இந்தியா முதல் தடவையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போயிற்று.

2-5 என்று இருந்தபோது கேட்டிருந்தால், எல்லோரும் கோச் பெயரைத்தான் சொல்லி இருப்பார்கள்!