அறுக்குளாவின் விலை கரையில் அல்ல, படகில்

வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியவர்கள் 'கன்அத்' மீனை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்பதும், சிங்களத்தில் தோரா என்பதும் அதுதான். நம் பகுதியில் அதன் பெயர் அறுக்குளா. பல நாடுகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் இதைப் பிடிப்பதற்கென்றே பணம் செலவழித்துக் கடலுக்குப் போகிறார்கள். முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் அது பொழுதுபோக்கல்ல. பல குடும்பங்களின் ரிஸ்க். இந்த மீனை வாங்கி விற்க விரும்பும் வியாபாரிகள் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை, நான் பட்ட அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் செய்த தவறு

மீன் வியாபாரத்தில் இறங்கிய புதிதில், மலிவாகக் கிடைத்ததென்று முல்லைத்தீவுக் கரையில் 40 கிலோ அறுக்குளா வாங்கினேன். இரவே வலையில் பட்டு, காலை பத்து மணி வரை ஐஸ் இல்லாமல் படகில் கிடந்த மீன். கரையில் நிறைய ஐஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதில் பாதி வவுனியாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனது. சாப்பிட்ட சிலருக்கு அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியும் வந்தது. மீனில் நாற்றம் இல்லை. நன்றாகப் பொரித்தும் இருந்தார்கள். எல்லோரும் சுகமடைந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வீட்டார் மறுபடி என்னிடம் மீன் வாங்கவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. அறுக்குளா, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் சூட்டில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள பக்டீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமைன் ஆக மாற்றுகின்றன. ஒருமுறை உருவாகிவிட்டால் அதைப் பொரித்தோ, அவித்தோ, உறையவைத்தோ, உப்புப் போட்டோ அழிக்க முடியாது. பிந்திப் போடும் ஐஸ் மேலும் கூடாமல் தடுக்குமே தவிர, உருவான நஞ்சை எடுக்காது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமைனைச் சுகாதார எல்லையாக வைத்திருக்கிறது.

தூண்டில் மீனும் வலை மீனும்

அறுக்குளா கூட்டமாக வரும் சிறுமீன்களையும் கணவாயையும் துரத்தித் தின்னும் மீன். அதனால்தான் ஓடும் படகின் பின்னால் இரையையோ மினுங்கும் போலி இரையையோ இழுத்துப் போனால் பாய்ந்து கவ்வுகிறது. அதன் பல் கத்தி போன்றது. நைலோன் நூலை நறுக்கிவிடும். ஆகவே தூண்டிலுக்கு மேலே சிறிது தூரம் கம்பி கட்டுவார்கள்.

தூண்டில் மீன் உயிரோடு படகுக்கு வருகிறது. உடனே தலையில் அடித்துக் கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடித்தால் சதை வெளுப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கும். மீன் ஹலாலாவதற்கு அறுப்புத் தேவையில்லை. சூரா அல்மாஇதாவின் 96 ஆம் வசனம் கடல் வேட்டையை நமக்கு அனுமதித்திருக்கிறது. இரத்தம் வடிப்பது தரத்துக்காக மட்டுமே. வலையில் பட்ட மீனோ, சூடான கடல்நீரில் மணிக்கணக்காகச் செத்துத் தொங்கியிருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கும் வியாபாரி, நல்ல மீன் கொண்டுவருபவரைத் தண்டிக்கிறார்.

ஐஸ் கணக்கு

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 10 கிலோ மீனை 30 பாகையிலிருந்து 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 250 கிலோகலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். கணக்குக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஐஸ் போதும். ஆனால் நம் வெயிலில் பெட்டிக்கு வெளியிலிருந்தும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே மீனுக்குச் சம எடை ஐஸ் என்பதே பாதுகாப்பான கணக்கு. ஐஸை நொறுக்கி, மீனுக்குக் கீழும் மேலும் இடையிலும் போட வேண்டும். மாங்குளம் வழியாக ஏ9 பாதையில் ஏறிப் பேலியகொடைச் சந்தைக்குப் போகும் லொறிக்கு இது இன்னும் அவசியம்.

கலப்படம் வேண்டாம்

சிங்களத்தில் சவரா எனப்படும் மீனைத் தோரா என்று வெட்டி விற்பவர்கள் உண்டு. சவராவின் மூக்கு நீண்டு அலகுபோல் இருக்கும். அறுக்குளாவின் பக்கக்கோடு இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே சட்டென்று வளைந்து இறங்கும். துண்டாக்கியபின் சாதாரண வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும். நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பழைய மீனைக் கீழே போட்டுப் புதிய மீனை மேலே அடுக்குவதும் அதே வகைதான்.

முற்பணமா, ஐஸ் பெட்டியா?

கரையோரங்களில் பழைய வழக்கம் ஒன்றுண்டு. வியாபாரி மீனவருக்கு முற்பணம் கொடுப்பார்; கடன் தீரும்வரை மீனைச் சந்தை விலைக்குக் குறைவாகத் தனக்கே தர வேண்டும் என்பார். கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டுப் பெறும் இலாபம் வட்டி என்பதில் ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடில்லை. தண்ணீருக்குள் இருக்கும், இன்னும் பிடிபடாத மீனை விற்பதும் 'கரர்' உள்ள வியாபாரமாகவே கருதப்படுகிறது. உதவ விரும்பினால் நிபந்தனையில்லாத அழகிய கடனாகக் கொடுங்கள். அல்லது இலாபத்திலும் நட்டத்திலும் பங்காளியாகுங்கள். ஒப்பந்த விபரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களுக்கும் இக்கரைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அறுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2009 மே வரை நீடித்த யுத்தமும் கரையில் இருந்தவர்களின் உறவுகளையும் படகுகளையும் பறித்தன. இரு தரப்பும் நொந்தவர்கள். அங்கே கடன் கயிற்றோடு போகக் கூடாது.

நான் இப்போது செய்வது இதுதான்: படகு புறப்படும் முன் நொறுக்கிய ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியைக் கொடுக்கிறேன். அதற்குக் கூலி இல்லை. மீனை எனக்கே தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஐஸில் வந்த தூண்டில் மீனுக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை தருகிறேன். சிலர் வேறு ஆளுக்கும் விற்கிறார்கள். பெரும்பாலானோர் என்னிடமே வருகிறார்கள். கழித்துவிடும் மீன் குறைந்ததால் பெட்டிச் செலவு திரும்பி வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமைகளில் அதில் ஒன்று என் வீட்டுக்கும் போகும். நடுத்துண்டு பொரியலுக்கு, தலை மாங்காய் போட்ட ஆணத்துக்கு. என் பிள்ளைகளுக்குப் பயமின்றிப் பரிமாறக்கூடிய மீனைத்தான் மற்றவர் பிள்ளைகளுக்கும் நிறுக்க வேண்டும். பரக்கத் அதில்தான் இருக்கிறது.