அப்டேட் போட்டதும் ஆப் ஏன் மக்கர் பண்ணுது? முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் டேட்டா!

2024 ஜூலை 19. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு முடங்கின. விமானங்கள் ரத்தாகின. இந்தியாவில் சில பயணிகளுக்கு போர்டிங் பாஸை கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஹேக்கர்கள் வேலை இல்லை இது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்!

அப்போ அப்டேட்டே வேண்டாம்னு விட்டுடலாமா?

முடியாது. பயன்பாட்டில் இருக்கும் சாஃப்ட்வேர் காலத்துக்கு ஏற்ப மாறாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும். மாற்ற மாற சிக்கலும் கூடும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360-ஐ ஆராய்ந்த லேமன் என்ற கணினி அறிஞர் 1970-களிலேயே சொன்னது இது.

எங்கே உடையும்னு எப்படித் தெரியும்?

கோடில் யார், எப்போது, எத்தனை வரிகளை மாற்றினார்கள் என்பதெல்லாம் 'கிட்' போன்ற கருவிகளில் பதிவாகிவிடும். எந்தப் பகுதியில் என்ன பிழை வந்தது என்பதற்கு இன்னொரு பட்டியல் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் டேட்டா அனலிட்டிக்ஸின் வேலை.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2005-ல் விண்டோஸ் சர்வர் 2003-ஐ இப்படி அலசினார்கள். ஒரு பகுதியின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மாற்றம் நடந்திருக்கிறது என்பதை வைத்தே, பிழை வரக்கூடிய பகுதி எது, வராதது எது என்று 89% துல்லியமாகப் பிரிக்க முடிந்தது.

2008-ல் வந்த விஸ்டா ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஒரு பகுதியில் எத்தனை பேர் கை வைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பது போன்ற தகவல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'இது உடையும்' என்று கணித்த 100 பகுதிகளில் சுமார் 86 சரியாக இருந்தன. கோடின் சிக்கலை வைத்துக் கணித்ததைவிட இது மேல்!

எண்களை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. எத்தனை வரி எழுதினார் என்று பார்த்து சம்பள உயர்வு கொடுத்தால், தேவையில்லாத வரிகள்தான் கூடும். எங்கே கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் இந்த டேட்டா சொல்லும். யாரைத் திட்டலாம் என்பதற்கு இது பயன்படாது.

உங்க போனுக்கு வராத அப்டேட் நண்பருக்கு மட்டும் வந்திருக்கா?

பல நிறுவனங்கள் முதலில் கொஞ்சம் பேருக்குத்தான் அனுப்பும். ஆப் எத்தனை முறை க்ராஷ் ஆகிறது என்று பார்க்கும். எண்ணிக்கை எகிறினால் உடனே நிறுத்திவிடும். கிரவுட்ஸ்ட்ரைக்கும் அந்த ஜூலைக்குப் பிறகு, இப்படிப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.