மங்கு வழிந்தால் பால் வீண்: திருவிழா மேடையும் மடிக்கணினியும்

மேடையில் ஒரு பாட்டி மாரியம்மன் தாலாட்டு பாடுகிறார். பக்கத்தில் உறுமி மேளம் அதிர்கிறது. பேரன் கைப்பேசியில் பதிவு செய்கிறான். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் மேளம் மட்டும்தான் கேட்கிறது. பாட்டியின் குரல் அதற்குள் அமுங்கிப் போயிருக்கிறது.

புலாவ் செபாங், தம்பின், அலோர்காஜா வட்டாரத்து ஆலயத் திருவிழாக்களுக்குப் போய் வருபவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. தோட்டத்துக் கோயில் பாடல்களை அடிமுதல் நுனிவரை அறிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவர்கள் பாடுவதை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டுமானால், ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனித்தனி மைக் வைத்து, தனித்தனித் தடங்களாகக் கணினியில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிறகு மேளத்தைக் குறைத்துப் பாட்டியின் குரலை உயர்த்த முடியும்.

பாடகர்களுக்கு 4 மைக், நாதஸ்வரத்துக்கு 2, இரண்டு தவிலுக்கு 4, உறுமிக்கு 4, பம்பைக்கு 2, ஆர்மோனியத்துக்கு 1, கீபோர்டுக்கு 2, தாளத்துக்கு 2, அறிவிப்பாளருக்கு 1, மக்களின் ஆரவாரத்துக்கு 2. கூட்டினால் 24 தடங்கள். சாதாரண மடிக்கணினி இதைத் தாங்குமா?

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் விநாடிக்கு 48,000 முறை அளக்கப்படுகிறது. 24 பிட் தரத்தில் ஓர் அளவுக்கு 3 பைட். ஆக, ஒரு தடத்துக்கு விநாடிக்கு 1,44,000 பைட். 24 தடங்களுக்கு ஏறக்குறைய 3.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 12.5 ஜிகாபைட். பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகமே விநாடிக்கு 60 மெகாபைட். 2012இல் வெளிவந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சர் ஒரே யுஎஸ்பி கம்பியில் 32 தடங்களை அனுப்புகிறது. அப்படியானால் வேகம் போதும். பிறகு ஏன் பதிவு நடுவில் 'டப்' என்று வெட்டுகிறது?

தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் புரியும். சீவிய மரத்தில் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை வாளியில் சேர்க்க வருபவர் சற்றுத் தாமதித்தாலும் மங்கு தாங்கிக்கொள்ளும். மங்கு சிறியதாக இருந்து, ஆளும் வராவிட்டால் பால் தரையில் வழிந்துவிடும். கணினியில் அந்த மங்குக்குப் பெயர் பஃபர். ஒலி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். கணினியோ வைஃபை தேடும், வைரஸ் சோதிக்கும், புதுப்பிப்பை இறக்கும். அந்த நேரத்தில் பஃபர் நிரம்பினால் அத்தனை ஒலியும் போய்விடும். எனவே கணினி எவ்வளவு வேகமானது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு வருகிறதா என்பதே முக்கியம்.

128 அளவுகள் கொண்ட பஃபர் 2.7 மில்லிவிநாடி மட்டுமே தாங்கும். 1,024 என்றால் 21 மில்லிவிநாடி. பஃபரைப் பெரிதாக்கினால் கணினி வழியாகக் கேட்கும் ஒலி பிந்தும் என்று சிலர் தயங்குவார்கள். ஆனால் மேடையில் பாடுபவர் தன் குரலை மிக்சர் வழியாக ஒலிபெருக்கியில் கேட்கிறார், கணினி வழியாக அல்ல. எனவே தயங்காமல் 1,024 அல்லது 2,048 வைக்கலாம். எதிரொலி போன்ற அலங்காரங்களைப் பதிவின்போது சேர்க்க வேண்டாம், வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வட்டு. சுழலும் பழைய வன்தட்டில் 24 கோப்புகளை ஒரே நேரத்தில் எழுதும்போது, அதன் முள் இங்கும் அங்கும் ஓடி ஓடிப் பின்தங்கும். எஸ்எஸ்டியில் அந்தத் தொல்லை இல்லை. வெளி வட்டு பழைய 'ஃபேட்32' முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. 24 தடங்களையும் ஒரே கோப்பில் எழுதினால் சுமார் 20 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும்.

மைக் போதவில்லை என்று இரண்டு சிறிய யுஎஸ்பி கருவிகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனிக் கடிகாரம் இருக்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலும், ஒரு மணி நேரத்தில் தவிலும் உறுமியும் 72 மில்லிவிநாடி விலகிவிடும். ஒன்றின் கடிகாரத்தை மற்றது பின்பற்றும்படி கம்பியால் இணைக்க வேண்டும். இல்லையேல் ஒரே பெரிய கருவியை வாங்குவது நல்லது.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் மறக்கக்கூடாது. சூடேறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை மேசை விரிப்பின்மேல் வைக்காமல், காற்று புகும்படி சற்று உயர்த்தி வையுங்கள். ஜெனரேட்டர் நின்றால் மடிக்கணினியைப் பேட்டரி காப்பாற்றும். மிக்சரை யார் காப்பாற்றுவது? ஒரு சிறிய யுபிஎஸ் வேண்டும்.

இதையெல்லாம் சோதிக்க மேளக்காரர்களை அழைக்க வேண்டியதில்லை. ஒலியே இல்லாத தடமும் அதே 1,44,000 பைட்டைத்தான் எழுதும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் மிக்சரை வீட்டில் இணைத்து, வைஃபையை அணைத்து, 24 தடங்களையும் திறந்து, மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். வெட்டு விழுந்தால் அன்றே தெரிந்துவிடும்.

திருவிழா இரவில் கூடவே ஒரு சிறிய கைப்பதிவுக் கருவியையும் ஓட விடுங்கள். தூங்கப் போகுமுன் கோப்புகளை இரண்டு வட்டுகளில் நகலெடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் பிசகினால் மறுபடி பாடச் சொல்லலாம். அடுத்த ஆண்டு திருவிழாவில் அந்தப் பாட்டி மேடையேறுவாரா என்பது யாருக்கும் தெரியாது.