மலையைத் தாண்டுமா விமானம்?

ஃப்ளைட்கியர், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற மென்பொருள்களில் விமானம் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ரன்வேயை விட்டு எழும்பிய சில நிமிடங்களில் எதிரே நிற்கும் மலையில் மோதி ஆட்டம் முடிந்ததா? நிஜ விமானிகள் இதைத் தவிர்க்க, புறப்படும் முன்பே ஒரு கணக்குப் போடுகிறார்கள். அதைத் தெரிந்துகொள்வோம்.

200 அடி விதி

எல்லா எஞ்சின்களும் இயங்கும்போது, ரன்வேயின் முடிவை 35 அடி உயரத்தில் கடந்து, அதன்பின் ஒவ்வொரு நாட்டிகல் மைலுக்கும் 200 அடி ஏற வேண்டும். 400 அடியை எட்டும் வரை திரும்பக் கூடாது. அமெரிக்க விதிகளின் அடிப்படை இது. சர்வதேச விதிகளில் இதுவே 3.3 சதவீதம். இதில் 152 அடிச் சரிவுக்குக் கீழேதான் தடைகள் இருக்கலாம். மீதி 48 அடி பாதுகாப்பு இடைவெளி. ஏதாவது மலையோ கோபுரமோ இந்தச் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அதிகமாக ஏற வேண்டும் என்று புறப்பாட்டு வரைபடத்தில் குறிப்பிடுவார்கள்.

ஆனால் காக்பிட் மீட்டர் காட்டுவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை. எனவே தரை வேகத்தை 60ஆல் வகுத்து 200ஆல் பெருக்குங்கள். 90 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 300 அடி தேவை. 120 நாட் என்றால் 400 அடி. பின்னாலிருந்து காற்று அடித்தால் தரை வேகம் கூடும், தேவையும் கூடும்.

ஒரு எஞ்சின் நின்றால்?

இரட்டை எஞ்சின் ஜெட் பயணிகள் விமானம், ஒரு எஞ்சின் நின்ற நிலையிலும், சக்கரங்களை மடக்கிய பிறகு 2.4 சதவீதமாவது ஏற வேண்டும். இது மைலுக்குச் சுமார் 146 அடிதான். தடைகளைக் கணக்கிடும்போது அதிலும் 0.8 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். மீதமுள்ள 1.6 சதவீதப் பாதை, ஒவ்வொரு தடைக்கும் 35 அடி மேலே செல்ல வேண்டும். இல்லையென்றால் பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். அல்லது தடையைச் சுற்றிச் செல்லும் தனிப் பாதை வேண்டும். 146 என்பது 200ஐ விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். வழக்கமான புறப்பாட்டுப் பாதை, எஞ்சின் நின்ற விமானத்தைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதனால்தான் விமான நிறுவனங்கள் அதற்கெனத் தனி வழிமுறை வைத்திருக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

லடாக்கிலுள்ள லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் சக்தியும் இறக்கை தரும் தூக்குவிசையும் குறையும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலவச ஃப்ளைட்கியரில் செஸ்னா 172ஐத் தேர்ந்தெடுத்து, முதலில் சென்னையிலும் பிறகு லேயிலும் புறப்படுங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். அடுத்து வெப்பநிலையைக் கூட்டிப் பாருங்கள். மலையைத் தாண்டுமா என்பதை, கிளம்பும் முன்பே உங்களால் சொல்லிவிட முடியும்.